வெண்ணெயும் நெய்யும்: அளந்து கொடுப்பதா, நிறுத்துக் கொடுப்பதா?

கிராமங்களில் ஒன்றிரண்டு கறவை மாடுகளோ எருமைகளோ வைத்திருக்கும் குடும்பங்களில், சங்கத்திற்கு ஊற்றியது போக மீதமுள்ள பாலைத் தயிராக்கிக் கடைந்து வெண்ணெய் எடுப்பது வழக்கம். வீட்டுச் சமையலுக்குப் போக எஞ்சும் வெண்ணெயும் நெய்யும் விற்பனைக்கு வருகின்றன. இந்த வருவாய் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கையில் சேர்ந்து, பிள்ளைகளின் படிப்புக்கும் மருந்துச் செலவுக்கும் பயன்படுகிறது.

ஆனால், இந்த இரு பொருள்களையும் அளப்பதில் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு குழப்பம் நிலவுகிறது. ஒருவர் கிலோ என்கிறார். மற்றொருவர் லிட்டர் என்கிறார். வயதானவர்கள் ஆழாக்கு, பலம் என்கிறார்கள். சமையல் குறிப்புகளில் மேசைக்கரண்டி, நெல்லிக்காய் அளவு, எலுமிச்சம்பழ அளவு என்று எழுதப்பட்டிருக்கிறது. ஒரு லிட்டரும் ஒரு கிலோவும் ஒன்றே என்ற எண்ணமும் பலரிடம் உள்ளது. தண்ணீரைப் பொறுத்தவரை அது ஏறக்குறைய உண்மை. வெண்ணெய்க்கும் நெய்க்கும் அது பொருந்தாது. இந்த வேறுபாட்டை அறியாவிட்டால் சமையலில் பக்குவம் தவறும். விற்பனையில் கிலோவுக்கு ஐம்பது ரூபாய்க்கு மேல் இழப்பு ஏற்படவும் கூடும். எனவே, கன அளவிலிருந்து எடையையும், எடையிலிருந்து கன அளவையும் கணக்கிடும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

லிட்டரும் கிலோவும் ஏன் வேறுபடுகின்றன?

லிட்டர் என்பது ஒரு பொருள் அடைத்துக்கொள்ளும் இடத்தின் அளவு. கிலோ என்பது அப்பொருளின் எடை. ஒரே பாத்திரத்தில் பஞ்சையும் மணலையும் நிரப்பினால் இடம் ஒன்றே, எடை வெவ்வேறு. பால், தண்ணீர், வெண்ணெய், நெய் ஆகியவற்றிற்கும் இதே விதிதான்.

கொழுப்பு தண்ணீரைவிட இலேசானது. அதனால்தான் காய்ச்சிய பாலில் ஆடை மேலே படிகிறது. கடைந்த மோரில் வெண்ணெய் திரண்டு மிதக்கிறது. பாலில் கொழுப்பு மட்டுமன்றிச் சர்க்கரைச் சத்து, புரதம், தாது உப்புகள் ஆகியவையும் இருப்பதால் அது தண்ணீரைவிடச் சற்றுக் கனமானது; ஒரு லிட்டர் பால் சுமார் 1,030 கிராம் இருக்கும். அதே பாலிலிருந்து பிரித்தெடுத்த நெய்யோ லிட்டருக்குச் சுமார் 910 கிராம்தான் நிற்கும். வெண்ணெய் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அதில் கொழுப்புடன் நீரும் சிறிது மோர்ப்பொருளும் கலந்திருப்பதால் நெய்யைவிடக் கனம், தண்ணீரைவிட இலேசு.

நினைவில் கொள்ள வேண்டிய மூன்று எண்கள்

1. நெய்: உருகிய நிலையில், சாதாரண அறை வெப்பத்தில், ஒரு லிட்டர் சுமார் 910 கிராம்.

2. வெண்ணெய்: காற்று இடைவெளியின்றி அழுத்தி நிரப்பினால் ஒரு லிட்டர் சுமார் 930 முதல் 960 கிராம் வரை இருக்கும். கணக்குக்கு 940 என்று எடுத்துக்கொள்ளலாம்.

3. வெண்ணெயில் உள்ள கொழுப்பு: நன்கு நீர் பிழிந்த 100 கிராம் வெண்ணெயில் சுமார் 80 கிராம். எஞ்சியது பெரும்பாலும் நீர்.

கன அளவு தெரிந்து எடை வேண்டுமானால் பெருக்க வேண்டும். மில்லி லிட்டரை நெய்க்கு 0.91-ஆலும், வெண்ணெய்க்கு 0.94-ஆலும் பெருக்கினால் கிராம் கிடைக்கும். எடை தெரிந்து கன அளவு வேண்டுமானால் அதே எண்ணால் வகுக்க வேண்டும். விடை சரியா என்று பார்க்க எளிய வழி உண்டு: நெய்யிலும் வெண்ணெயிலும் கிராம் எண்ணிக்கை எப்போதும் மில்லி லிட்டர் எண்ணிக்கையைவிடக் குறைவாகவே இருக்கும். கூடுதலாக வந்தால் பெருக்குவதற்குப் பதில் வகுத்துவிட்டோம் என்று பொருள்.

அடிக்கடி தேவைப்படும் அளவுகள் கீழே தரப்பட்டுள்ளன. இவற்றை ஒரு தாளில் எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

1 தேக்கரண்டி (5 மி.லி.): வெண்ணெய் 4.7 கிராம், நெய் 4.5 கிராம்
1 மேசைக்கரண்டி (15 மி.லி.): வெண்ணெய் 14 கிராம், நெய் 13.5 கிராம்
100 மி.லி.: வெண்ணெய் 94 கிராம், நெய் 91 கிராம்
200 மி.லி.: வெண்ணெய் 188 கிராம், நெய் 182 கிராம்
250 மி.லி.: வெண்ணெய் 235 கிராம், நெய் 228 கிராம்
500 மி.லி.: வெண்ணெய் 470 கிராம், நெய் 455 கிராம்
1 லிட்டர்: வெண்ணெய் 940 கிராம், நெய் 910 கிராம்

எடையிலிருந்து தொடங்கினால், ஒரு கிலோ நெய் சுமார் 1,100 மி.லி.; ஒரு கிலோ வெண்ணெய் சுமார் 1,065 மி.லி. இடம் பிடிக்கும். ஒரு கிலோ நெய்யை ஒரு லிட்டர் புட்டியில் ஊற்ற முயன்றால் ஏறக்குறைய அரை டம்ளர் நெய் வெளியே மிஞ்சுவதன் காரணம் இதுவே.

கரண்டி அளவுகள் அனைத்தும் தலைதட்டிய அளவுகள். வெண்ணெயைக் குவித்து எடுத்தால் ஒரு கரண்டி ஒன்றரைக் கரண்டியாகிவிடும் என்பதை மறக்கக் கூடாது.

பழைய அளவைகளும் உங்கள் வீட்டுப் பாத்திரமும்

1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1958 முதல் நம் நாட்டில் மெட்ரிக் எடைகளும் அளவைகளும் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. இருப்பினும் பல வீடுகளில் பித்தளை ஆழாக்கும் உழக்கும் இன்றும் புழக்கத்தில் உள்ளன. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. ஆகவே எட்டு ஆழாக்கு ஒரு படி. இந்தக் கணக்கு எங்கும் ஒன்றே. ஆனால் படியின் கொள்ளளவு வட்டாரத்துக்கு வட்டாரம் மாறியது. எனவே, ஓர் ஆழாக்கு இத்தனை மில்லி லிட்டர் என்று பொதுவாகச் சொல்லி எல்லா ஊர்களுக்கும் பொருத்த இயலாது.

எடையில் இவ்வளவு சிக்கல் இல்லை. நாற்பது பலம் ஒரு வீசை. ஒரு வீசை ஏறக்குறைய 1,400 கிராம். ஆகவே ஒரு பலம் சுமார் 35 கிராம். பாட்டி சொல்லும் பக்குவத்தில் இரண்டு பலம் வெண்ணெய் என்று வந்தால் 70 கிராம் என்று கொள்ளலாம்.

உங்கள் வீட்டு ஆழாக்கு, டம்ளர், கிண்ணம் ஆகியவற்றின் கொள்ளளவை நீங்களே கண்டறியலாம். அதற்கான முறை:

1. பாத்திரத்தை நன்கு துடைத்து, வெறுமையாக நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளவும்.

2. விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி மீண்டும் நிறுக்கவும்.

3. இரண்டாவது எடையிலிருந்து முதல் எடையைக் கழிக்கவும். கிடைக்கும் கிராம் எண்ணிக்கையே அப்பாத்திரத்தின் மில்லி லிட்டர் கொள்ளளவு.

எடுத்துக்காட்டாக, ஓர் ஆழாக்கு 170 கிராம் தண்ணீர் கொண்டால் அதன் கொள்ளளவு 170 மி.லி. அதில் நெய் நிரப்பினால் 170 × 0.91 = சுமார் 155 கிராம். வெண்ணெயை அழுத்தி நிரப்பித் தலைதட்டினால் 170 × 0.94 = சுமார் 160 கிராம். இந்த எண்களைப் பாத்திரத்தின் அடியில் ஆணியால் கீறி வைத்துக்கொண்டால் பிறகு ஒவ்வொரு முறையும் கணக்கிட வேண்டியதில்லை.

தராசு இல்லாத வீட்டில் வெண்ணெயை நிறுப்பது எப்படி?

வெண்ணெயைப் பாத்திரத்தில் திணித்து அளப்பது கடினம். இடையில் காற்று அடைபடும். பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வீணாகும். கோடிட்ட ஓர் அளவுக் குவளையும் குளிர்ந்த தண்ணீரும் இருந்தால் இச்சிரமம் இன்றி வெண்ணெயின் எடையைக் கண்டறியலாம்.

ஒரு லிட்டர் கொள்ளும் அகலமான அளவுக் குவளையில் 500 மி.லி. கோடு வரை குளிர்ந்த தண்ணீர் ஊற்றவும். வெண்ணெய் உருண்டையை அதில் மெதுவாக இடவும். அது குவளையின் பக்கத்திலோ அடியிலோ உராயாமல் தானாக மிதக்க வேண்டும். தண்ணீர் மட்டம் 750 மி.லி. கோட்டுக்கு ஏறினால் வெண்ணெயின் எடை 250 கிராம்.

இங்குப் பெருக்கலோ வகுத்தலோ தேவையில்லை. மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள தண்ணீரை விலக்குகிறது என்பது ஆர்க்கிமிடீசு கண்ட விதி. 250 கிராம் தண்ணீர் 250 மி.லி. என்பதால் மட்டம் ஏறிய மில்லி லிட்டரே வெண்ணெயின் கிராம் எடையாகிறது.

அதே உருண்டையை ஒரு மெல்லிய குச்சியால் நீருக்குள் முழுவதும் அமிழ்த்திப் பிடித்தால் மட்டம் இன்னும் சிறிது ஏறி ஏறக்குறைய 766 மி.லி. காட்டும். ஏறிய 266 மி.லி. என்பது வெண்ணெயின் கன அளவு. அதாவது, மிதக்க விட்டால் எடை கிடைக்கும். அமிழ்த்தினால் கன அளவு கிடைக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

இம்முறை வீட்டு உபயோகத்துக்கும், முன்மதிப்பீட்டுக்கும் ஏற்றது. குவளையின் கோடுகள் எவ்வளவு நெருக்கமாக உள்ளனவோ அவ்வளவுக்கே துல்லியம் கிடைக்கும். 50 மி.லி.க்கு ஒரு கோடுள்ள குவளையில் 10 கிராம் வேறுபாட்டை அறிய இயலாது. விற்பனைக்கு முத்திரையிட்ட தராசையே பயன்படுத்த வேண்டும்.

சமையலில் கவனிக்க வேண்டியவை

சமையல் குறிப்புகளில் வரும் நெல்லிக்காய் அளவும் எலுமிச்சம்பழ அளவும் கைப்பழக்கம் உள்ளவர்களுக்குப் போதுமானவை. புதிதாகச் செய்பவர்களுக்கு அவை ஏமாற்றம் தரும். 3 செ.மீ. விட்டமுள்ள நெல்லிக்காய் அளவு உருண்டை சுமார் 13 கிராம். அதாவது ஏறக்குறைய ஒரு மேசைக்கரண்டி. 4 செ.மீ. விட்டமுள்ள சிறிய எலுமிச்சம்பழ அளவு சுமார் 31 கிராம். பழம் சற்றுப் பெரிதாகி விட்டம் 5 செ.மீ. ஆனாலோ எடை சுமார் 61 கிராம். கண்ணுக்குச் சிறிதாகத் தெரியும் ஒரு செ.மீ. வேறுபாடு எடையை ஏறக்குறைய இருமடங்காக்கிவிடுகிறது.

முறுக்கு, தேன்குழல் போன்ற பலகாரங்களில் இது நன்கு புலப்படும். வெண்ணெய் குறைந்தால் முறுக்கு கடினமாகி விடும். மிகுந்தால் எண்ணெயில் உதிர்ந்து பிரிந்து போகும். மகளிர் குழுக்கள் விற்பனைக்காகப் பலகாரம் செய்யும்போது, ஒவ்வொரு தடவையும் ஒரே பக்குவம் வர வேண்டுமானால் வெண்ணெயை நிறுத்துப் போடுவதே சிறந்தது.

வெண்ணெய்க்குப் பதில் நெய் சேர்க்கும்போது எடைக்கு எடை சேர்க்கலாகாது. வெண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குதான் கொழுப்பு; நெய்யோ ஏறக்குறைய முழுவதும் கொழுப்பு. எடுத்துக்காட்டாக, ஒரு கிலோ மாவுக்கு 80 கிராம் வெண்ணெய் சேர்ப்பது உங்கள் வழக்கம் என்று கொள்வோம்.

அதிலுள்ள கொழுப்பு: 80 × 0.80 = 64 கிராம்
தேவையான நெய்: 64 கிராம்
மில்லி லிட்டரில்: 64 ÷ 0.91 = சுமார் 70 மி.லி.
மேசைக்கரண்டியில்: நான்கரைக்குச் சற்று மேல்

வெண்ணெயிலிருந்து வந்திருக்க வேண்டிய சுமார் 16 கிராம் நீர் இப்போது இல்லாததால், மாவு பிசையும்போது ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். இவ்வாறன்றி 80 கிராம் நெய்யை அப்படியே சேர்த்தால் கொழுப்பு நான்கில் ஒரு பங்கு கூடிவிடும். முறுக்கு எண்ணெயில் பிரியும்.

வெப்பத்தால் மாறும் அளவு

நெய் சூடாகும்போது விரிகிறது, ஆறும்போது சுருங்குகிறது. எடை மட்டும் மாறுவதில்லை. 30 டிகிரி செல்சியசில் லிட்டருக்கு 910 கிராம் இருக்கும் நெய், 60 டிகிரியில் சுமார் 890 கிராம்தான் இருக்கும். ஆகவே, சூடாக இருக்கும்போதே ஒரு லிட்டர் அளந்து ஊற்றினால், ஆறிய பின் அது ஏறக்குறைய 20 மி.லி. குறைந்து காணப்படும். வாங்கியவர் வீட்டுக்குச் சென்று பார்த்து, அளவு குறைந்துவிட்டதென்று வருந்துவார். விற்றவர் சரியாகத்தான் அளந்தேன் என்பார். இருவரும் சொல்வது உண்மையே. தவறு சூட்டோடு அளந்ததில் இருக்கிறது.

எண்ணெய் வணிகத்திலும் இதே சிக்கல் எழுந்தது. சோயா எண்ணெய் 21 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 919 கிராமும், 60 டிகிரியில் சுமார் 893 கிராமும் இருக்கும். உறைகளில் உயர்ந்த வெப்பநிலையைக் குறிப்பிட்டு லிட்டர் என்று அச்சிட்டால் வாங்குபவருக்கு எடை குறையும். இதன் காரணமாகவே, வெப்பநிலையைக் குறிப்பிடாமல் கன அளவையும் அதனுடன் எடையையும் சேர்த்து அச்சிட வேண்டும் என மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-ஆம் ஆண்டில் சமையல் எண்ணெய் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. நெய்யைப் புட்டியில் அடைத்து விற்பவர்களும் இம்முறையைப் பின்பற்றினால் வாடிக்கையாளரின் நம்பிக்கையைப் பெறலாம்.

மார்கழி, தை மாதங்களில் நெய் மணல் மணலாக உறைந்துவிடும். உறைந்த நெய்யின் குருணைகளுக்கிடையே காற்று தங்குவதால் அதைப் பாத்திரத்தால் அளப்பது சரியன்று. நிறுத்தே கொடுக்க வேண்டும். அல்லது இளஞ்சூட்டில் உருக்கி, ஆறவிட்டு, மீண்டும் உறைவதற்கு முன் அளக்க வேண்டும்.

அளவும் எடையும் காட்டாத ஒன்று: நீர்

இதுவரை கூறியவற்றை நன்கு கற்றுக்கொண்டாலும், வெண்ணெய் வாங்குவதிலும் விற்பதிலும் ஒரு செய்தி மறைந்தே இருக்கும். அது வெண்ணெயில் அடங்கியுள்ள நீர். ஐந்து பங்கு கொழுப்புக்குப் பதில் ஐந்து பங்கு நீர் சேர்ந்தாலும் ஒரு லிட்டர் வெண்ணெயின் எடை நான்கைந்து கிராம் அளவே மாறும். ஆகவே நீர் மிகுந்த வெண்ணெயை அளந்தும் கண்டுபிடிக்க முடியாது. நிறுத்தும் கண்டுபிடிக்க முடியாது. உருக்கினால்தான் தெரியும்.

உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, கடைகளில் விற்கும் மேசை வெண்ணெயில் கொழுப்பு 80 சதத்துக்குக் குறையக் கூடாது. நீர் 16 சதத்தை மிஞ்சக் கூடாது. சமையலுக்கான வெள்ளை வெண்ணெயில் கொழுப்பு 76 சதமேனும் இருக்க வேண்டும். வீட்டில் மத்தால் கடைந்து எடுக்கும் வெண்ணெயில் நீரின் அளவு, கடைபவரின் கைப்பக்குவத்தையும் பருவத்தையும் பொறுத்து மாறும்.

நீரின் அளவைக் கண்டறியும் முறை:

1. அடி கனமான ஒரு சிறு பாத்திரத்தை நிறுத்துக் குறித்துக்கொள்ளவும். 150 கிராம் என்று கொள்வோம்.

2. அதில் சரியாக 200 கிராம் வெண்ணெய் இடவும். மொத்தம் 350 கிராம்.

3. மிதமான தீயில் உருக்கவும். வெளியே தெறிக்காமல் பார்த்துக்கொள்ளவும். சடசடப்பு அடங்கி, நுரை தணிந்து, நெய் தெளிந்து, கசண்டு இளஞ்சிவப்பாகும்போது இறக்கவும்.

4. ஆறிய பின் பாத்திரத்தோடு நிறுக்கவும். 314 கிராம் இருந்தால் குறைந்த 36 கிராமும் ஆவியாகிப் போன நீர்.

200 கிராமில் 36 கிராம் என்பது 18 சதம். நீர் போக எஞ்சிய 82 பங்கில், கசண்டும் அதில் ஒட்டிய நெய்யுமாகச் சுமார் 3 பங்கைக் கழித்தால் 79 பங்கு தெளிந்த நெய் கிடைக்கும். சுருக்கமாகச் சொன்னால், நூற்றிலிருந்து நீரின் சதத்தையும், பின்னர் மூன்றையும் கழித்தால் வருவது நெய்யின் சதம்.

நீரைக் குறைக்க, வெயில் ஏறுமுன் அதிகாலையிலேயே கடைவது நல்லது. திரண்ட வெண்ணெயைக் குளிர்ந்த நீரில், கழுவிய நீர் தெளிவாக வரும்வரை இரண்டு மூன்று முறை அலசி, மரக்கரண்டியால் அழுத்திப் பிசைந்து நீரை வெளியேற்ற வேண்டும். கோடையில் வெண்ணெய் இளகி இருப்பதால் நீர் எளிதில் தங்கிவிடும். ஆகவே மண்பானைத் தண்ணீரையே பயன்படுத்தவும். நீர் குறைந்த வெண்ணெய் எளிதில் புளிப்பதும் நாற்றமடிப்பதும் இல்லை.

விற்பனைக் கணக்கு

கீழே உள்ள விலைகள் கணக்கை விளக்குவதற்காக எடுத்துக்கொள்ளப்பட்டவை. உங்கள் ஊரின் அன்றைய விலையை இட்டுக் கணக்கிட்டுக்கொள்ளவும்.

முதற் கணக்கு. நெய் லிட்டர் 550 ரூபாய் என்று ஒரு வியாபாரி விலை பேசுகிறார். பிறகு தராசை எடுத்து நிறுத்து, கிலோவுக்கு 550 ரூபாய் தருகிறார். இது சரியா?

சரியன்று. ஒரு லிட்டர் என்பது 910 கிராம்தான். 910 கிராமுக்கு 550 ரூபாய் என்றால் ஒரு கிலோவுக்கு 550 ÷ 0.91 = சுமார் 604 ரூபாய் தர வேண்டும். கிலோவுக்கு 54 ரூபாய் இழப்பு. மாதம் ஐந்து கிலோ விற்கும் குடும்பத்திற்கு ஆண்டில் 3,240 ரூபாய் இழப்பாகும். விலை எந்த அலகில் பேசப்பட்டதோ அதே அலகில்தான் பொருளும் அளக்கப்பட வேண்டும். இதேபோல், நாம் கிலோ விலை பேசிவிட்டு லிட்டர் புட்டியில் ஊற்றிக் கொடுத்தால் வாங்குபவருக்கு 90 கிராம் குறையும், அதுவும் முறையன்று.

இரண்டாம் கணக்கு. வெண்ணெயாகவே விற்பதா, உருக்கி நெய்யாக விற்பதா? நெய் கிலோ 600 ரூபாய் என்று கொள்வோம். மேலே சோதித்த வெண்ணெயில் ஒரு கிலோவுக்கு 790 கிராம் நெய் கிடைக்கும். அதன் விலை 600 × 0.79 = 474 ரூபாய். எரிபொருள் செலவும் உழைப்பும் தனி. ஆகவே, வெண்ணெய்க்குக் கிலோவுக்கு 474 ரூபாயோ அதற்கு மேலோ கிடைத்தால் வெண்ணெயாகவே விற்பது இலாபம். 400 ரூபாய்தான் கிடைக்குமென்றால் உருக்கி விற்கலாம். நெய் பல நாள் கெடாது என்பதால் நல்ல விலைக்குக் காத்திருக்கவும் முடியும்.

மூன்றாம் கணக்கு. நெய் உருக்கி விற்பதற்காக 5 கிலோ வெண்ணெய் வாங்குகிறீர்கள். நீர் 18 சதம் இருந்தால் 79 சதம், அதாவது 3.95 கிலோ நெய் கிடைக்கும். நீர் 26 சதம் இருந்தால் 71 சதம், அதாவது 3.55 கிலோதான் கிடைக்கும். 400 கிராம் நெய் குறைவு. கிலோ 600 ரூபாய் வீதம் 240 ரூபாய் இழப்பு. ஆகவே மொத்தமாக வாங்குமுன் 200 கிராம் வாங்கி உருக்கிப் பார்ப்பது நல்லது.

தராசைப் பற்றிச் சில குறிப்புகள்

வணிகத்தில் பயன்படும் தராசுக்கும் எடைக்கற்களுக்கும் முத்திரை இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவு இப்பணியைக் கவனிக்கிறது. விற்குமுன் முத்திரை இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பது உங்கள் உரிமை.

மின்னணுத் தராசில் வெறும் பாத்திரத்தை வைத்துச் சுழியம் ஆக்கிய பிறகே நெய்யை ஊற்ற வேண்டும். சாதாரணத் தராசில் பாத்திரத்தின் எடையை முன்னதாகவே குறித்துக் கழிக்க வேண்டும். வெண்ணெயைத் தண்ணீரோடு நிறுக்க விடக் கூடாது. வாங்கும்போது நீரை வடித்துவிட்டே நிறுக்கச் சொல்ல வேண்டும். வீட்டுத் தராசு சரியா என்று அறிய, முத்திரையிட்ட ஒரு கிலோ எடைக்கல்லைத் தட்டின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்துப் பார்க்கலாம். எல்லா இடத்திலும் ஒரே அளவு காட்ட வேண்டும்.

பயிற்சிக் கணக்குகள்

பிள்ளைகளையும் உடன் வைத்துக்கொண்டு இவற்றைச் செய்து பார்க்கவும்.

1. ஓர் ஆழாக்கு 180 கிராம் தண்ணீர் கொள்கிறது. அந்த ஆழாக்கால் நான்கு முறை அளந்த உருகிய நெய்யின் எடை என்ன?

2. நெய்க்கு ஒருவர் லிட்டருக்கு 520 ரூபாய் தருகிறார். மற்றொருவர் கிலோவுக்கு 560 ரூபாய் தருகிறார். யாரிடம் விற்பது இலாபம்?

3. 400 மி.லி. தண்ணீரில் வெண்ணெய் மிதக்கும்போது மட்டம் 580 மி.லி. காட்டுகிறது. வெண்ணெயின் எடை என்ன? அதற்குப் பதிலாக எத்தனை மில்லி லிட்டர் நெய் சேர்க்க வேண்டும்?

4. 200 கிராம் வெண்ணெயை உருக்கியதில் 44 கிராம் நீர் ஆவியாயிற்று. அதே வெண்ணெய் 3 கிலோவில் எவ்வளவு நெய் கிடைக்கும்?

விடைகள்

1. 180 × 4 = 720 மி.லி.; 720 × 0.91 = சுமார் 655 கிராம்.

2. 520 ÷ 0.91 = கிலோவுக்குச் சுமார் 571 ரூபாய். லிட்டர் விலை தருபவரிடம் விற்பது கிலோவுக்கு 11 ரூபாய் இலாபம்.

3. எடை 180 கிராம். கொழுப்பு 180 × 0.80 = 144 கிராம். நெய் 144 ÷ 0.91 = சுமார் 158 மி.லி.

4. நீர் 22 சதம். 100 − 22 − 3 = 75 சதம். 3 கிலோவுக்கு 2.25 கிலோ நெய். அதாவது ஏறக்குறைய இரண்டரை லிட்டர்.

முடிவாக, வெண்ணெயையும் உறைந்த நெய்யையும் எப்போதும் நிறுத்தே வாங்கவும் விற்கவும் வேண்டும். உருகிய நெய்யை அளப்பதானால் ஆறிய பின் அளந்து, 0.91-ஆல் பெருக்கி எடையை அறிந்துகொள்ள வேண்டும். வெண்ணெயின் உண்மையான மதிப்பை அறிய ஒரு சிறு பகுதியை உருக்கிப் பார்க்க வேண்டும். விடியுமுன் எழுந்து கடைந்தெடுத்த வெண்ணெய்க்கு உரிய விலை கிடைக்க இந்த எளிய கணக்குகள் துணைபுரியும். இவற்றை வீட்டிலுள்ள அனைவரும் கற்றுக்கொண்டு பயனடைய வேண்டும்.